ஒண்ணுதானுங்க டீச்சர்

1. மழை நாளில் நிறையும் பள்ளிக்கூடம்

காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான் தலைமையாசிரியையாகப் போய்ச் சேர்ந்த முதல் நாள் நல்ல மழை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பஸ்ஸை விட்டு இறங்கிக் குடையை விரிப்பதற்குள் பாதி நனைந்துவிட்டேன். இந்த மழையில் எந்தப் பிள்ளை வரப்போகிறது, ஈ ஓட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே போனால், இரண்டு வகுப்பறையும் நிரம்பி வழிகின்றன. இடமில்லாமல் வராந்தாவிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கோயமுத்தூர் கோட்டைமேட்டில் இருந்த அம்மாவுக்கு அன்றைக்கே கார்டு எழுதிப் போட்டேன். "தங்கமான ஊரும்மா. கொட்டுகிற மழையிலும் பிள்ளைகள் படிக்க வருகிறார்கள்."

மறுநாள் வெயில் அடித்தது. பாதிப் பிள்ளைகளைக் காணோம்.

எனக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனிதான் முதலில் சிவக்கும். உதவி ஆசிரியர் தங்கவேல் சாரைக் கூப்பிட்டேன். எனக்கு முன்பே பல வருஷமாக அங்கே இருந்தவர். வானத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் வருகைப் பதிவேட்டைக் கையில் எடுப்பார். நேற்று அதைக் கவனித்தபோது ஏதோ சாமி கும்பிடுகிறார் என்று நினைத்திருந்தேன்.

"என்ன சார் இது? நேத்து இருந்த புள்ளைங்கள்லாம் எங்கே?"

"மேடம், இந்த ஊருல மழை பேஞ்சாத்தானுங்க பள்ளிக்கூடம். வெயிலடிச்சா எல்லாம் களத்துக்குப் போயிருமுங்க."

களம் என்றால் கொப்பரைக் களம். தேங்காயை உடைத்து, பருப்பை வெயிலில் பரப்பிக் காயவைத்துக் காங்கேயத்து எண்ணெய் மில்லுக்கு அனுப்புவார்கள். ஊரைச் சுற்றி இப்படிப் பல களங்கள். வெயில் நாளில் பெரியவர்கள் உடைப்பார்கள், பிள்ளைகள் பரப்புவார்கள், திருப்பிப் போடுவார்கள், காக்காய் ஓட்டுவார்கள். மழை வந்தால் களத்தில் வேலை இல்லை. அப்போது என் ஞாபகம் வரும். தங்கமான ஊர் என்று அம்மாவுக்கு எழுதிய கார்டைத் திரும்ப வாங்க முடியுமா?

ஊரில் இரண்டு விதமான வீடுகள். ஒன்று, கிளுவை வேலி போட்ட தோட்டத்து வீடுகள். மாடு மேய்க்கக் கொறங்காடு, கிணறு, சிலருக்குக் களம், கூடவே ஒரே ஒரு பிள்ளை. நிலம் துண்டு துண்டாகப் போய்விடக்கூடாது என்று ஒன்றோடு நிறுத்திக்கொண்டவர்கள் அவர்கள். அந்த ஒற்றைப் பிள்ளை டை கட்டி, ஷூ போட்டு, இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்து வேனுக்காக ரோட்டில் நிற்கும். மற்றது, களத்தை ஒட்டிய லைன் வீடுகள். வேலைக்காக வெளியூர்களிலிருந்து வந்து தங்கியவர்கள். அவர்கள் வீட்டில் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. ஐந்தாவது முடித்ததும் அந்த வீட்டுப் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக இன்னொரு வேன் வரும். அது திருப்பூர் பனியன் கம்பெனி வேன். இரண்டு வேனும் காலையில் ஒரே புளியமரத்தடியில் நின்று ஹாரன் அடிக்கும். அந்த மரத்துக்கு எதிரில்தான் என் பள்ளிக்கூடம்.

2. பூங்கொடிக்கு ஒரு வகுப்பு வேண்டும்

நான் சேர்ந்த வருஷம் ஐந்தாம் வகுப்பில் பூங்கொடி என்று ஒரு பெண். லைன் வீட்டுக்காரி. கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அடக்கமாட்டாத சிரிப்பு. "ஏ, சிரிக்காதே" என்று அதட்டினால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும். வெயிலானாலும் மழையானாலும் வருகிற சிலரில் அவளும் ஒருத்தி. காலையில் களத்தில் ஒரு சுற்றுப் பரப்பிவிட்டு, தலையெல்லாம் தேங்காய்த் தூளோடு ஓடி வருவாள்.

அவளுடைய அம்மா மாராத்தாள் களத்தில் தேங்காய் உடைப்பவள். ஒருநாள் களத்துக்கே போய் அவளிடம் கேட்டேன்.

"அஞ்சாவது முடிச்சதும் பூங்கொடியை எங்கே சேர்க்கப் போறீங்க?"

"எங்கீங்க சேக்கறது? பனியன் கம்பெனி வேனுக்குச் சொல்லிப்போட்டேனுங்க. கைமடிக்கற வேலை. உக்காந்துட்டே துணி மடிச்சுக் குடுக்கோணும், அவ்வளவுதானுங்க."

"நல்லாப் படிக்கிற புள்ளையாச்சே! ஆறாவதுக்கு அனுப்பக் கூடாதா?"

"ஆறாவது மெயின் ரோட்டுக்கு அக்கட்டால இருக்குதுங்க டீச்சர். லாரி எப்படிப் போகுதுன்னு பாத்திருக்கீங்களா? காலைல கூட்டிட்டுப் போயி, சாயந்தரம் கூட்டிட்டு வாரதுக்கு எனக்கு எங்கீங்க நேரம்? வேனுன்னா ஊருக்குள்ளயே ஏத்தி, ஊருக்குள்ளயே எறக்கிப்போட்டுப் போறான்."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. பெண்ணைப் படிக்கவைக்க மாட்டேன் என்றா சொன்னாள்? லாரிக்குப் பயப்படுகிறாள். எனக்கு எரிச்சல், ஆனால் யார் மேல் படுவது என்று தெரியவில்லை.

"இந்த ஊருலயே ஆறாவது வந்துட்டா?"

மாராத்தாள் அருவாளைக் கீழே வைத்தாள். "வந்துதுன்னா படிக்கட்டுமுங்க. நான் வேனுக்கு அனுப்பமாட்டேன். இது என்ற வாக்கு."

அன்று சாயங்காலமே காங்கேயத்தில் இறங்கி ஏ.இ.ஓ. ஆபீசுக்குப் போனேன். ஏ.இ.ஓ. என்றால் எங்களுக்கெல்லாம் மேலதிகாரியான உதவித் தொடக்கக் கல்வி அலுவலர். நல்ல மனுஷர். 'முடியாது' என்பதைக்கூட மோர் கொடுத்து உபசரிக்கிற மாதிரிச் சொல்வார்.

"நடுநிலைப் பள்ளியா உயர்த்தச் சொல்றீங்க. தாராளமாக் கேளுங்க. ஆனா புள்ளைக இருக்கோணுமில்லீங்க? பஞ்சாயத்துக் கணக்கைப் பாத்தா உங்க ஊருல புள்ளைகளே இல்லீங்களே அம்மா!"

"லைன் வீட்டுப் புள்ளைங்களை அவங்க சேர்க்கலைங்க சார். வெளியூர்க்காரங்கன்னு விட்டுட்டாங்க."

"அப்படீன்னா ஊடு ஊடாப் போயி நீங்களே கணக்கெடுத்துக் குடுங்க. நான் நேர்ல வந்து ஒரு பார்வை பார்த்துட்டு எழுதி அனுப்பிச்சர்றேன்."

ஆகாகா, இவ்வளவுதானா என்று துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தேன்.

3. எல்லா வீட்டிலும் ஒரே பதில்

சனிக்கிழமை காலையில் நோட்டும் பேனாவுமாகக் கிளம்பினேன். முதல் வீடு களத்து முதலாளி சென்னியப்பன் வீடு. அவருடைய மனைவி மோர் கொடுத்தார்.

"உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?"

"ஒண்ணுதானுங்க டீச்சர்."

எழுதிக்கொண்டேன். அங்கிருந்து லைன் வீடுகளுக்குப் போனேன். முதல் வாசலில் ஒரு அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை குழந்தைங்க?"

"ஒண்ணுதானுங்க."

கயிற்றுக் கொடியில் சின்னதும் பெரியதுமாகச் சட்டைகள் வரிசையாகத் தொங்குகின்றன. "இதெல்லாம் யாரோடதும்மா?"

"பக்கத்தூட்டுதுங்க."

பக்கத்து வீட்டுக்குப் போனேன். அங்கேயும் ஒரு கொடி, அதிலும் அதே மாதிரிச் சட்டைகள். "ஒண்ணுதானுங்க. துணியா? அது அந்த ஊட்டுதுங்க" என்று முதல் வீட்டைக் காட்டினார்கள். அதற்கடுத்த வீட்டில் ஒரு பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றுகொண்டு, "ஒண்ணுதானுங்க, அது பள்ளிக்கூடத்துல உங்ககிட்டத்தான் படிக்குது" என்றாள். "அப்போ இது?" என்று இடுப்பைக் காட்டினேன். "இது என்ற தங்கச்சி புள்ளைங்க. நேத்துத்தான் வந்துச்சு." அந்தக் குழந்தை அவளை அம்மா என்று கூப்பிட்டது. இன்னொரு வீட்டில் கட்டிலுக்கடியிலிருந்து நாலைந்து பிஞ்சுக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்த வீட்டுக்காரி, காலாலேயே அவற்றை உள்ளே தள்ளிவிட்டு என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள். யா அல்லா, இது என்ன கூத்து!

மாராத்தாளாவது நிஜம் சொல்வாள் என்று நம்பிப் போனேன்.

"ஒண்ணுதானுங்க டீச்சர். பூங்கொடி மட்டுந்தான்."

எனக்கு மூக்கு சிவந்துவிட்டது. "அப்போ என்கிட்ட மூணாவது படிக்கிற முருகேசன் யாரு?"

"அவன்..." கொஞ்சம் யோசித்தாள். "அவன் என்ற கொழுந்தன் பையனுங்க."

இந்தப் பக்கத்தில் பொய் சொன்னாலும் 'ங்க' போட்டுத்தான் சொல்வார்கள். அதனால் சண்டை போடவும் முடியாது. கடைசியில் நோட்டைப் பார்த்தால், நிலத்துக்காக ஒன்றோடு நிறுத்தியவர்கள் வீட்டிலும் ஒன்று, வீடு கொள்ளாமல் பிள்ளை பெற்றவர்கள் வீட்டிலும் ஒன்று. அந்தக் கணக்குக்கு ஆறாவது வராது, இருக்கிற பள்ளிக்கூடத்தையும் மூடிவிடுவார்கள்.

திங்கட்கிழமை பூங்கொடியைக் கூப்பிட்டேன். "உங்கம்மா முருகேசனை உன் தம்பியே இல்லைன்னு சொல்லிட்டாங்க, தெரியுமா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "டீச்சர், நாங்க நாலு பேருங்க! நீங்க நோட்டோட வந்தீங்களா, ஆபரேசனுக்கு ஆளுப் புடிக்க வந்திருக்கீங்கன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. ரெண்டுக்கு மேல இருந்தா ஜீப்புல ஏத்திட்டுப் போயிருவாங்களாம்."

தங்கவேல் சார் தலையைச் சொறிந்தார். "பழைய ஹெட்மாஸ்டர் செஞ்ச வேலைங்க மேடம். அந்தக் காலத்துல குடும்பக் கட்டுப்பாடு கேஸ் புடிக்கச் சொல்லி வாத்தியாருகளுக்கும் கோட்டா குடுத்திருந்தாங்க. அவரும் உங்களாட்டத்தான், நோட்டைத் தூக்கிட்டு எத்தனை குழந்தைன்னு கேப்பாரு. அடுத்த வாரம் ஜீப்பு வந்துரும். அவரு ரிட்டையர் ஆயிப் போயிட்டாரு, அந்தப் பயம் இன்னும் போகலீங்க."

"இதை சனிக்கிழமையே சொல்லக் கூடாதா சார்?"

"எங்கிட்டச் சொல்லீட்டா மேடம் போனீங்க?"

மறுபடியும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். இது ஆறாம் வகுப்புக்கான கணக்கு, ஆபரேஷனுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை என்று தொண்டை வறளச் சொன்னேன். "சரீங்க டீச்சர்", "ஆமாங்க டீச்சர்" என்று எல்லோரும் தலையாட்டினார்கள். "அப்போ எத்தனை குழந்தைங்க?" என்று கேட்டால் மட்டும் ஒன்றுதான். வாயால் சொல்லித் தீருகிற பயமா அது? சரி, ஏ.இ.ஓ. வரும் நாளில் பிள்ளைகளையாவது பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். "வாரமுங்க" என்றார்கள்.

4. ஜீப் வந்த நாள்

தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில் ஏ.இ.ஓ. வருவதாகத் தகவல் வந்தது. அன்று காலையில் பளிச்சென்று வெயில். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். வாசலில் பூங்கொடி கோலம் போட்டிருந்தாள். எல்லாம் சரியாக நடக்கும் என்றுதான் நினைத்தேன்.

அவர் ஜீப்பில் வருவார் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஜீப் ஊருக்குள் திரும்பியதும் லைன் வீட்டுப் பக்கம் ஒரு குரல் கேட்டது. "ஜீப்பூ! ஜீப்பு வந்திருச்சூ!" அவ்வளவுதான். கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கொறங்காட்டுப் பக்கம் ஓடினார்கள். வகுப்பில் உட்கார்ந்திருந்த கொஞ்சநஞ்சம் பேரும் சத்துணவுத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்க ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். ஏ.இ.ஓ. வாசலுக்கு வந்து "வணக்கமுங்க" என்றபோது தங்கவேல் சாரும் நானும் பூங்கொடியும் மட்டும் இருந்தோம்.

அவரை லைன் வீடுகளுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எல்லாம் பூட்டு. கொடியில் ஒரு சட்டைகூட இல்லை. களத்தில் கொப்பரை மட்டும் காய்ந்துகொண்டிருந்தது. காவலுக்கு ஒரே ஒரு ஆள்.

"ஏனுங்கம்மா, நான் என்னத்தப் பாத்துட்டு எழுதறது?" என்றார் ஏ.இ.ஓ. அவர் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவ்வளவு மென்மையாகக் கேட்டதில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

திரும்பி வரும்போது பூங்கொடியிடம், "நீ அஞ்சாவதா கண்ணு? முடிச்சுட்டு என்ன பண்ணுவே?" என்று கேட்டார்.

"பனியன் கம்பெனிக்குப் போவனுங்க சார்" என்றாள் அவள். அன்றைக்கு மட்டும் அவள் சிரிக்கவில்லை.

அவர் ஜீப்பில் ஒரு காலை வைத்தார். தங்கவேல் சார் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். கிழக்கே கருகருவென்று ஒரு மேகம் திரண்டு வந்துகொண்டிருந்தது.

"சார், சித்த நேரம் இருந்துட்டுப் போங்க" என்றார் தங்கவேல் சார். "காப்பி வருதுங்க." காப்பிக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இந்த மனுஷன் எதற்கு அவரை நிறுத்துகிறார் என்று நான் முழித்தேன்.

முதல் சொட்டு ஜீப்பின் கண்ணாடியில் விழுந்தது. களத்திலிருந்து காவலாள் தகரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. 'டங்டங்டங்' என்று ஊரே அதிர்ந்தது.

களத்துக்காரர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டால் வேறு எதுவும் காதில் விழாது. காய்கிற கொப்பரை நனைந்தால் பூசணம் பிடித்துவிடும். முதலாளிக்கு விலை குறையும், இவர்களுக்கு அடுத்த வார வேலை போகும். தகரம் தட்டினால் சோற்றில் கை வைத்திருந்தாலும் உதறிவிட்டு ஓடிவர வேண்டும் என்பது அந்த ஊரில் நடக்கப் பழகிய பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

வந்தார்கள் பாருங்கள்! கொறங்காட்டிலிருந்து, கிளுவை வேலிக்குள்ளிருந்து, சோளத்தட்டுப் போருக்குப் பின்னாலிருந்து, பூட்டிய வீடுகளின் புழக்கடையிலிருந்து கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் வந்தார்கள். என்னிடம் படிக்கிறவர்கள், என்னிடம் படித்துப் பாதியில் நின்றவர்கள், நான் முகமே பார்த்திராதவர்கள். பெரியது கூட்டிக் குவிக்கிறது, நடுவிலது கூடையில் அள்ளுகிறது, பொடிசு சிதறியதைப் பொறுக்குகிறது. பெண்கள் தார்ப்பாயை இழுக்கிறார்கள். ஜீப்பை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஏ.இ.ஓ. வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "அடேங்கப்பா! இத்தனை புள்ளைகளும் எங்கீங்க இருந்துச்சு?"

"இங்கேயேதாங்க சார் இருந்தாங்க" என்றேன்.

மழை வலுத்தது. ஒரு சின்னப் பெண் தார்ப்பாயின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு திண்டாடினாள். பக்கத்தில் பேன்ட் போட்டு நின்றவரை நிமிர்ந்து பார்த்து, "ஏனுங்க, சும்மா நிக்கறீங்க! அந்தப் பக்கம் புடிங்க!" என்றாள். ஏ.இ.ஓ. பேன்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கொண்டு மறுமூலையைப் பிடித்தார். நானும் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடையைத் தூக்கினேன். அந்தப் புடவையில் விழுந்த எண்ணெய்க் கறை கடைசி வரைக்கும் போகவில்லை.

கொப்பரையை மூடி முடித்ததும் எல்லோரும் கொட்டகைக்குள் ஒதுங்கினோம். அப்போதுதான் தங்கள் நடுவே நிற்பவர் ஜீப்பில் வந்த ஆள் என்று பெண்களுக்கு உறைத்தது. வெளியே மழை கொட்டுகிறது, எங்கே ஓடுவது?

ஏ.இ.ஓ. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எதிரில் நின்ற மாராத்தாளைப் பார்த்தார். பூங்கொடி, முருகேசன், இன்னும் இரண்டு வாண்டுகள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாலு முகமும் அச்சு அசல் அவள் முகம்.

"ஏனம்மா, உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?"

"ஒண்ணு..." என்று தொடங்கினாள் மாராத்தாள். கொட்டகையே சிரித்துவிட்டது.

"நான் டாக்டர் இல்லீங்கம்மா" என்றார் ஏ.இ.ஓ. "ஊசியைக் கண்டா எனக்கே காலு நடுங்கும். பள்ளிக்கூடத்து வேலையா வந்திருக்கறேன். புள்ளைக இருந்தா ஆறாவது வரும், இல்லீன்னா வராது. அவ்வளவுதானுங்க."

மாராத்தாள் என்னைப் பார்த்தாள். பிறகு கூட நிற்கிறவர்களைப் பார்த்தாள். சின்னவற்றைப் பின்னால் தள்ளி மறைத்துக்கொண்டாள். அவள் எவ்வளவு பயந்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பூங்கொடி அவள் கையைப் பிடித்து இழுத்து, "சொல்லிப்போடும்மா" என்றாள்.

"நாலுங்க சார்" என்றாள் மாராத்தாள். குரல் உரக்கவே வந்தது. "எனக்கு நாலுங்க. இவதான் மூத்தவ. இவளுக்கு ஆறாவது வேணுமுங்க."

"எனக்கு மூணுங்க!" என்றாள் கைக்குழந்தைக்காரி. தங்கச்சி பிள்ளை ஒரே நிமிஷத்தில் சொந்தப் பிள்ளை ஆகிவிட்டது. "எனக்கு அஞ்சுங்க!" "எழுதிக்கோங்க, எனக்கு நாலு!" ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். ஒருத்தி, "என்ற அக்கா புள்ளைக ரெண்டு ஊருல இருக்குதுங்க, அதையும் சேத்துக்கோங்க" என்றாள். இன்னொருத்திக்கு வயிற்றில் ஏழு மாதம். அதையும் எழுதச் சொன்னாள். "போதுமுங்கம்மா, போதுமுங்க! அந்தப் புள்ளை மொதல்ல பொறக்கட்டும்" என்று ஏ.இ.ஓ. கையெடுத்துக் கும்பிட்டார்.

மழைச் சத்தம் கேட்டு ஓடி வந்த சென்னியப்பன், களத்தில் அதிகாரியையும் பிள்ளைகளையும் ஒன்றாகப் பார்த்துவிட்டு வெலவெலத்துப் போனார். "மழைக்கு மட்டுந்தானுங்க சார் புள்ளைகளக் கூப்படறது" என்று கேட்காமலேயே சொன்னார்.

"அப்படீங்களா? ரொம்ப சந்தோசமுங்க. இனிமே நெசமாவே மழைக்கு மட்டும் வரட்டுமுங்க" என்றார் ஏ.இ.ஓ. அதே மோர் குரலில். "ஆறாவதுக்குப் புள்ளைக இருக்குது. ஆனா உக்கார எடமில்லீங்களே, என்ன பண்ணலாம்?"

சென்னியப்பன் களத்தோரத்தைக் கையால் காட்டினார். "என்ற பழைய குடோன் சும்மாதானுங்க கெடக்குது."

"மேடம், எழுதிக்கோங்க" என்றார் ஏ.இ.ஓ.

5. பனியன் கம்பெனி வேன்

எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். ஏ.இ.ஓ. எழுதி அனுப்பினார். அந்தக் காகிதம் மேலே போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. பரீட்சை முடிந்து லீவும் முடிந்தது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தும் ஆர்டர் வரவில்லை. மாராத்தாள் தினமும் வாசலில் வந்து நின்று, "வந்துருச்சுங்களா டீச்சர்?" என்பாள். ஒருநாள் அவள் வரவில்லை. அன்றைக்குப் புளியமரத்தடியில் பூங்கொடி பனியன் கம்பெனி வேனில் ஏறுவதைப் பார்த்தேன். கையில் சோற்றுத் தூக்குப் போசி. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று முழுக்க எனக்குப் பாடமே ஓடவில்லை. பிள்ளைகளை எல்லாம் காரணமில்லாமல் திட்டினேன்.

மாராத்தாளைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. "எத்தனை நாளைக்குங்க சும்மா ஊட்டுல வெச்சிருக்கறது?" என்று அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் நான் காங்கேயத்து ஆபீசை விடவில்லை. சாயங்காலமானால் போய் உட்கார்ந்துகொள்வேன். அங்கிருந்த கிளார்க் என்னைக் கண்டாலே பின்வாசல் வழியாக டீ குடிக்கப் போய்விடுவார். கடைசியில் ஒருநாள் அவரே வாசலுக்கு ஓடி வந்து, "வந்திருச்சுங்க டீச்சர், இனிமே என்னை விட்ருங்க" என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். புளியமரத்தடியில் வேன் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. பஸ் நிற்பதற்குள் இறங்கி, ஆர்டரைக் கையில் ஆட்டிக்கொண்டு வேனுக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன்.

"பூங்கொடி! எறங்கு! ஆறாவது வந்துருச்சு!"

டிரைவர் எட்டிப் பார்த்தான். "ஏனுங்க டீச்சர், ஆளு கொறஞ்சா மொதலாளி என்னையத்தானுங்க வைவாரு."

"உங்க முதலாளியையும் கூட்டிட்டு வாப்பா. ஆறாவதுல இடம் இருக்கு, சேர்த்துக்கறேன்."

உள்ளே இருந்த பெண்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். பூங்கொடி எழுந்தாள், ஆனால் இறங்கவில்லை. ஜன்னல் வழியாக அம்மாவைத் தேடினாள். மாராத்தாள் களத்திலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தாள், கையில் அருவாளோடு. மூச்சு வாங்க வேன் கதவருகே வந்து நின்றாள். வாரக் கூலி வீட்டுக்கு வரத் தொடங்கிய பிறகு யாருக்குத்தான் மனசு மாறாது?

"வாக்குக் குடுத்தனல்லோ டீச்சர், மறந்துட்டனா?" என்றாள். பிறகு வேனுக்குள் பார்த்து, "எறங்கு அம்மணி, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு."

பூங்கொடி தூக்குப் போசியோடு குதித்தாள். அத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் அப்போது வெளியே வந்தது. வாயைப் பொத்திக்கொள்ள அன்றைக்கு அவளுக்குக் கை ஒழியவில்லை.

ஆறாம் வகுப்பு சென்னியப்பன் குடோனில் தொடங்கியது. புத்தகம், பை, பிள்ளைகள் தலை எல்லாம் கொப்பரை வாசம். மத்தியானம் ஆனால் எல்லோருக்கும் பசி எடுத்துவிடும். வெயில் அடித்தாலும் பிள்ளைகள் வந்தார்கள். தங்கவேல் சார் மட்டும் வழக்கத்தை விடாமல் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதிவேட்டைத் திறந்தார்.

இப்போது வேலைக்கு வருகிற இளைய ஆசிரியர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கணக்கெடுக்கப் போகும்போது நோட்டைத் திறக்காதீர்கள். எதற்காகக் கேட்கிறோம் என்பதைச் சொல்லுங்கள். சொல்வதை அவர்கள் நம்பாவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர்கள் நம்பாததற்கு நமக்கு முன்னால் போன யாரோ காரணமாக இருப்பார்கள். அவர்களோடு நின்று ஒரு வேலையைச் செய்யுங்கள், முடிந்தால் மழையில். பட்டுப்புடவை மட்டும் வேண்டாம்.

அடுத்த வருஷமும் கணக்கெடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. லைன் வீட்டுக்குப் போனேன். மாராத்தாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். நான் பையிலிருந்து நோட்டை எடுக்கவில்லை, வாயைக்கூடத் திறக்கவில்லை. தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"வாங்க டீச்சர். எழுதிக்கோங்க, நாலுங்க. மூத்தவ ஏழாவது போறா!"